பிளாஸ்திரி போட்ட தோடி

காஞ்சிபுரம்,
12-2-74

அன்புள்ள வடிவு,

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துவிடு. மணி பதினொன்று ஆகிவிட்டது. பாப்பா தூங்கினால்தான் எனக்குக் கை ஒழிகிறது. தூக்கக் கலக்கத்தில் வரி கோணலாகப் போனால் நீயே நிமிர்த்திப் படித்துக்கொள். நானும் உன் அண்ணனும் பாப்பாவும் சௌக்கியம். டெல்லிக் குளிரில் நீ எப்படி இருக்கிறாய்? கம்பளி வாங்கினாயா, இல்லை போன தடவை மாதிரி வாங்குகிறேன் என்று எழுதியதோடு சரியா?

உன் கடிதம் போன வாரமே வந்தது. படித்ததிலிருந்து உன் அண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சங்கத்துப் பாட்டு வகுப்பில் உன் வேலையை நிரந்தரமாக்க வேண்டுமானால் நீ மேடையில் பக்கவாத்தியத்தோடு பாடியதைக் கமிட்டிக்காரர்கள் கேட்க வேண்டும். மூன்று மணி நேரம் கேட்க அவர்களுக்குப் பொறுமை கிடையாது. அதனால் ஐந்து பாட்டை மட்டும் தனித்தனியாகப் பிரித்து அனுப்ப வேண்டும். இதுதானே? போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நம் தெரு முருகன் கோயிலில் கந்த சஷ்டிக்கு நீ பாடியபோது மைக்செட் வீராசாமி எடுத்த டேப் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அன்றைக்குப் பிறகு அதை யாரும் போட்டுக் கேட்கவில்லை.

வீராசாமியைக் கூப்பிட்டு அனுப்பிக் கேட்டோம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பிரிச்சுக் குடுக்க நான் ரெடிம்மா. இன்னொரு மிஷின் வெச்சு, வேணுங்கற பாட்ட மட்டும் புது டேப்புல ஏத்திடலாம். ஆனா எங்க முடியுது, எங்க ஆரம்பிக்குதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? ஆ...ன்னு பத்து நிமிஷம் இழுக்குது பொண்ணு. அது போன பாட்டோட வாலா, வர்ற பாட்டோட தலையா?" உன் அண்ணன்கூடச் சிரித்துவிட்டார்.

முடிவில், டேப் ரிக்கார்டரையே இரண்டு நாள் நம் வீட்டில் விட்டுவைக்கிறேன் என்றார். டேப் ஓட ஓட அதில் ஒரு எண் மாறிக்கொண்டே வருமாம். ஒவ்வொரு பாட்டும் எந்த எண்ணில் தொடங்கி எந்த எண்ணில் முடிகிறது என்று நான் எழுதிக்கொடுத்தால் போதும். பி.ஏ. படித்ததற்கு இப்போதுதான் ஒரு வேலை வந்திருக்கிறது. அண்ணன் தறியில் இருந்தால் ஒன்றும் காதில் விழாது. அவர் நெசவாளர் சொசைட்டிக்குப் போகும் மத்தியானங்களில் கேட்டுக் குறிக்கிறேன். எந்த ஐந்து பாட்டு என்று உடனே எழுது.

உன் அண்ணி,
குழலி


புதுடெல்லி,
20-2-74

அன்புள்ள அண்ணிக்கு,

வடிவின் வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். கம்பளி வாங்கிவிட்டேன், சத்தியமாக. பாப்பாவுக்கு எத்தனை பல் வந்திருக்கிறது? அத்தை என்று சொல்லக் கற்றுக்கொடுத்தீர்களா? இங்கே விடுதியில் எல்லாரிடமும் அவள் போட்டோவைக் காட்டிக் காட்டி அதன் ஓரமே மழுங்கிவிட்டது.

ராகம் இழுப்பது வரப்போகிற பாட்டின் தலை, வால் இல்லை என்று வீராசாமி அண்ணனிடம் சொல்லுங்கள். எனக்கு வேண்டியவை: முதல் பக்கத்தில் ஹம்சத்வனி, கல்யாணி. இரண்டாம் பக்கத்தில் தோடி, காம்போதி, கடைசியில் பாடிய விருத்தம். தோடிதான் முக்கியம். ஸ்வரம் பாடிவிட்டுப் பல்லவிக்குத் திரும்பி வந்து விழுகிற இடத்தில் கூட்டத்திலிருந்து அண்ணன் "ஆஹா" என்றாரே, நினைவிருக்கிறதா? என்னை அவர் வாய்திறந்து பாராட்டியது பிறந்ததிலிருந்து அது ஒன்றுதான். அப்படி நான் அதற்கு முன்னும் பாடியதில்லை, பின்னும் பாடவில்லை.

அண்ணி, இந்த வேலை மே மாதம் வரைக்கும்தான். நிரந்தரமாகவில்லை என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வர வேண்டியதுதான். வந்தால் அண்ணன் மறுபடியும் மாப்பிள்ளை தேடக் கிளம்பிவிடுவார். மூச்சிழுப்புக்காரி என்று பெயர் எடுத்தவளை இரண்டாம் தாரமாகத்தான் கேட்பார்கள். என்னைப் பார்க்க வந்த ஆரணிக்காரர்கள் ஜாதகத்தின் மேல் பழியைப் போட்டாலும் யாரோ சொல்லித்தான் சம்பந்தம் நின்றது என்று பிறகு தெரிந்ததே. எதிர்வீட்டுக் காந்தா அக்காவோடு அண்ணன் இன்னும் பேசுவதில்லையா? எனக்கென்னவோ அவள் சொல்லியிருப்பாள் என்று தோன்றவில்லை. கச்சேரியன்று ஆரணி அம்மாள் உங்களை ஒட்டித்தானே உட்கார்ந்திருந்தார்கள்? அவள் ஏதாவது சொல்லியிருந்தால் உங்கள் காதில் விழுந்திருக்கும். போகட்டும். போனது போனதுதான்.

உங்களைத் தவிர வேறு யாரை நம்பி இந்த வேலையை ஒப்படைப்பேன்? பாப்பாவுக்கு என் முத்தம்.

வடிவு


காஞ்சிபுரம்,
9-3-74

அன்புள்ள லில்லி,

வேலூரில் நீயும் அம்மாவும் சுகம்தானே? கல்லூரியில் பரீட்சை நேரமாக இருக்கும். உனக்கு எழுதி ஆறு மாதம் ஆகிறது, கோபித்துக்கொள்ளாதே. இப்போதும் என் காரியமாகத்தான் எழுதுகிறேன்.

என் நாத்தனார் வடிவின் கச்சேரி டேப்பைப் பாட்டுப் பாட்டாகப் பிரிக்கக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமை இரண்டாம் பக்கம் கேட்டு முடித்தேன். அவளுக்கு முக்கியமான பாட்டுகள் அதில்தான் இருக்கின்றன. வியாழக்கிழமை முதல் பக்கம் போட்டேன். கல்யாணி முடிந்து மிருதங்கக்காரர் சுதி சேர்த்துக்கொண்டிருக்கிறார். டொக் டொக்கென்று கேட்கிறது. அதன் நடுவே பளிச்சென்று ஒரு பெண் குரல். என் குரல்.

டேப்புக்கான மைக்கை வீராசாமி பெண்கள் பாயருகே ஒரு முக்காலியில் வைத்திருந்தது அப்போது எனக்குத் தெரியாது. வடிவைப் பார்க்க ஆரணியிலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தார்கள். பெண் பார்க்க என்று சொல்லவில்லை. கச்சேரி கேட்க என்று சொல்லி வந்தார்கள். எங்களில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. பிடிக்காவிட்டால் இரு தரப்புக்கும் தலைகுனிவு இருக்காது. மடியில் மூன்று மாதக் குழந்தையோடு நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். டேப்பில் இருப்பது இவ்வளவுதான்:

"பொண்ணு நல்லா பாடுதும்மா. ஒடம்பெல்லாம் எப்பிடி?"

"பாட்டுக்கு ஒண்ணும் கொறையில்லீங்க. பனி வந்தா மூச்சு இழுக்கும். ராவெல்லாம் உக்காந்துக்கினே இருப்பா. நாங்கதான் பாத்துக்கணும்."

அந்தச் சம்பந்தம் நின்றது. யார் சொன்னது என்று வீட்டில் பெரிய பேச்சு. எதிர்வீட்டுக் காந்தாவின் மேல் பழி போனது. நான் வாய் திறக்கவில்லை. ஒன்றரை வருஷமாகிறது.

உள்ளதைத்தானே சொன்னேன், லில்லி? பன்னிரண்டு வயதில் வடிவுக்கு இரண்டு தடவை மூச்சு இழுத்தது நிஜம். ஆனால் நான் சொன்ன தோரணையில் வருஷா வருஷம் இழுப்பது போல இருக்கிறது. கேட்டுப் பார்த்தால்தான் தெரிகிறது, எவ்வளவு பதவிசாகச் சொல்லியிருக்கிறேன்.

வீராசாமி கடையில் எதைப் போட்டாலும் பெரிய ஸ்பீக்கரில்தான் போடுவார். தெருவே கேட்கும்.  என் வீட்டுக்காரரின் ஷேவிங் பிளேடை எடுத்து அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டேன். நாலு முழம் வந்தது. வெட்டிய முனைகளைப் பாப்பாவின் முழங்காலுக்கு வாங்கி வைத்திருந்த பிளாஸ்திரியால் ஒட்டினேன். போட்டுக் கேட்டேன். மிருதங்கம் லேசாக ஒரு தாவு தாவி அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறது. யாருக்கும் தெரியாது.

வடிவிடம் சொல்ல வேண்டுமா? அவள் இப்போது நன்றாக இருக்கிறாள். நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன். சீக்கிரம் எழுது.

உன்,
குழலி


காஞ்சிபுரம்,
15-3-74

அன்புள்ள வடிவு,

எல்லாரும் நலம். உன் ஐந்து பாட்டும் இன்று பதிவுத் தபாலில் புறப்பட்டுவிட்டன. ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே பத்து எண்ணும் அளவுக்கு இடைவெளி விடச் சொல்லியிருக்கிறேன். காம்போதியில் கைதட்டல் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று எனக்கும் வீராசாமிக்கும் சண்டையே வந்தது. கைதட்டலைக் குறைக்க அவருக்கு மனமே வரவில்லை. "நம்ம ஊரு கைம்மா அது, டெல்லிக்காரன் பாக்கட்டும்" என்கிறார்.

ஒரு சின்ன விஷயம். நான் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது பாப்பா டேப்பைப் பிடித்து இழுத்துவிட்டாள். கொஞ்சம் அறுந்துவிட்டது. முதல் பக்கத்தில், பாட்டு இல்லாத இடம்தான். பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டேன். வீராசாமி பார்த்துவிட்டு, "டேப்புக்கு அடி பட்டுச்சா? மருந்து கிருந்து தடவினீங்களா?" என்று ஒரே கிண்டல். பாட்டுக்கு எந்தச் சேதமும் இல்லை. கவலைப்படாதே.

நீ கேட்டிருந்தாயே, காந்தாவைப் பற்றி. கூட்டத்தில் எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. பாப்பா அழுதுகொண்டே இருந்தாள்.

அண்ணன் உன்னை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்கிறார்.

குழலி


வேலூர்,
24-3-74

அடி குழலி,

கர்த்தர் கிருபையில் நானும் அம்மாவும் நலம். விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவில் உன் கடிதம் பத்து நாள் மாட்டிக்கொண்டது. மன்னித்துக்கொள்.

நீ கேட்டதற்கு முன் நான் ஒன்று கேட்க வேண்டும். பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவள், வேறு எப்படி இருப்பேன்? இரண்டு பக்கமும் பாட்டு இருக்கிற டேப் என்றாய். பக்கம் என்றால் முன்பக்கம் பின்பக்கம் இல்லையடி. ஒரே நாடாவின் அகலத்தில் மேல் பாதியில் ஒன்றும் கீழ் பாதியில் ஒன்றும் எதிரெதிர்த் திசையில் ஓடும். நீ ஒன்றை வெட்டினால் இன்னொன்றும் சேர்ந்து போகும். உன் பேச்சு இருந்த நாலு முழத்தில் மறுபக்கத்துப் பாட்டும் நாலு முழம் போயிருக்கும். வெட்டிய பிறகு இரண்டாம் பக்கத்தைப் போட்டுப் பார்த்தாயா? அனுப்புவதற்கு முன் பார்.

மற்றபடி, சொல்லாதே என்றுதான் நான் எழுத நினைத்தேன். அந்த நாடாவைக் கிணற்றில் போடு, அந்தப் பெண் சௌக்கியமாக இருக்கிறாள், கிளறாதே என்று. ஆனால் உன் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒன்று உறுத்தியது. என்ன சொன்னாய் என்று முழுசாக எழுதியிருக்கிறாய். ஏன் சொன்னாய் என்று ஒரு வரிகூட இல்லை. எனக்குச் சொல்ல வேண்டாம். உனக்குத் தெரிந்தால் போதும்.

பாப்பாவுக்கு என் அன்பு.

லில்லி


புதுடெல்லி,
2-4-74

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. கம்பளி வாங்கியதுதான் மிச்சம். நான் சுகம். அங்கே எல்லாரும் எப்படி?

டேப் வந்தது. என்ன அழகாகப் பிரித்திருக்கிறீர்கள். ஹம்சத்வனியும் கல்யாணியும் பிசிறில்லாமல் வந்திருக்கின்றன. காம்போதிக் கைதட்டலைக் கேட்டு விடுதிப் பெண்கள் என்னை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆனால் அண்ணி, தோடியில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. ஸ்வரம் ஏறிக்கொண்டே போகிறது, திடீரென்று பல்லவி பாதியில் நிற்கிறேன். நடுவில் இருபது விநாடி இல்லை. அண்ணனின் ஆஹாவும் இல்லை. கேட்கிறவர்களுக்கு நான் தாளம் தப்பிக் குதித்தது போல இருக்கிறது. இதைப் போட்டுக் காட்டினால் கமிட்டி அங்கேயே எழுந்து போய்விடும்.

சங்கத்தில் ஒலிப்பதிவு பார்க்கிற ஒருவர் இருக்கிறார். அவரிடம் போட்டுக் காட்டினேன். நீங்கள் எழுதிய பிளாஸ்திரிக் கதையையும் சொன்னேன். குழந்தை இழுத்த துண்டு கிடைத்தால் அசல் டேப்பையும் துண்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள், நான் சரியாக ஒட்டித் தோடியை மறுபடி எடுத்துத் தருகிறேன் என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து துண்டின் இரண்டு பக்கத்தையும் கேட்டு, எந்த முனை எங்கே சேரும் என்று சொல்ல வேண்டுமாம்.

கைத்தறிக் கண்காட்சிக்காகச் சொசைட்டியிலிருந்து வீரபாகு அண்ணன் இந்த மாதக் கடைசியில் டெல்லி வருகிறாராமே. அவரிடம் கொடுத்தனுப்புங்கள். துண்டைத் தேடிப் பாருங்கள், அண்ணி. கட்டில் அடியில், குப்பையில், எங்கே இருந்தாலும் பரவாயில்லை.

டேப்பை இழுத்ததற்காகப் பாப்பா கையில் ஒன்று வைத்ததாக அண்ணன் எழுதியிருந்தார். ஏன் அடித்தார்? அவளுக்கு என்ன தெரியும்? இனி அடிக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

வடிவு


காஞ்சிபுரம்,
12-4-74

அன்புள்ள வடிவு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. துண்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் எழுதுகிறேன். புத்தாண்டு வேலையில் அதிகம் எழுத முடியவில்லை.

குழலி


புதுடெல்லி,
19-4-74

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இங்கே நலம். உங்களுக்கு உடம்பு சரியில்லையா? பாப்பாவுக்கு ஏதாவதா? கார்டில் நாலு வரி எழுதுகிறவர் இல்லையே நீங்கள். கவரின் ஓரத்தில்கூட எழுதுகிறவர்.

கமிட்டி மே பத்தாம் தேதி கூடுகிறது. ரயில்வே ஸ்டிரைக் வரப்போகிறது என்று பத்திரிகைகளில் போடுகிறார்கள். வந்துவிட்டால் டேப்பும் வராது, ஆளும் வராது. வீரபாகு அண்ணன் 28ஆம் தேதி கிளம்புகிறார். அதைத் தவறவிட்டால் எனக்கு வேறு வழி இல்லை. வேறு பாட்டை அனுப்பலாமே என்பீர்கள். தோடியைப் பற்றித் தலைவரிடம் நானே பெருமையடித்துவிட்டேன். அதைத்தான் முதலில் போடச் சொல்வார்.

ஒலிப்பதிவுக்காரர் இன்னொன்று சொன்னார். குழந்தை இழுத்து அறுந்த டேப் என்றால் அந்த இடத்துக்கு முன்னும் பின்னும் நாடா நீண்டு சுருதி ஆடுமாம். இதில் கத்திரித்தது போலச் சுத்தமாக இருக்கிறது என்றார். எனக்கு அதெல்லாம் புரியவில்லை. நீங்கள் சொன்னதே எனக்குப் போதும்.

துண்டு கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். பெட்டி கட்டவாவது ஆரம்பிப்பேன்.

வடிவு


காஞ்சிபுரம்,
26-4-74

அன்புள்ள வடிவு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. டேப்போடு சேர்த்து வீரபாகுவின் கையில் கொடுக்கிறேன். நீ தனியாக இருக்கும்போது பிரி. ஒலிப்பதிவுக்காரரிடம் போவதற்கு முன்னால் படித்துவிடு. நாங்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறோம். பாப்பா நன்றாக இருக்கிறாள். அவளைப் பற்றியே முதலில் எழுதுகிறேன்.

பாப்பா டேப்பைத் தொடவில்லை. நான் வெட்டினேன், பிளேடால். ஒலிப்பதிவுக்காரர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். துண்டு தொலையவும் இல்லை. வெட்டிய அன்றே தறிநூல் சுற்றுகிற ஒரு தார்க்குச்சியில் சுற்றி என் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்துவிட்டேன். தேடுகிறேன் என்று எழுதியபோதும் அது அங்கேதான் இருந்தது.

அந்த நாலு முழத்தில் இரண்டு பேர் இருக்கிறோம். ஒரு திசையில் ஓட்டினால் உன் தோடியும் உன் அண்ணனின் ஆஹாவும். இன்னொரு திசையில் ஓட்டினால் நான். ஒரே நாடாவில் இரண்டும் இருக்கும் என்று வெட்டும்போது எனக்கு உறைக்கவில்லை. பக்கத்தைத் திருப்பிப் போட்டால் வேறு பாட்டு வருகிறது, அதனால் அது வேறெங்கோ இருக்கிறது என்ற நினைப்பு. நான் அழிக்க நினைத்தது என் பேச்சை மட்டும். என் பேச்சு இல்லாமல் உன் பாட்டைக் கொடுக்க முடியாது என்று தெரிந்தபோது, இரண்டையும் கொடுக்காமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன். இருபது நாள் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் பேசியதை இங்கேயே எழுதிவிடுகிறேன். அந்த ஆள் முன்னால் நீ முதல்முதலாகக் கேட்க வேண்டாம். ஆரணி அம்மாள் உன் உடம்பைப் பற்றிக் கேட்டார்கள். பனி வந்தால் மூச்சு இழுக்கும், ராவெல்லாம் உட்கார்ந்துகொண்டே இருப்பாள், நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னேன். அவ்வளவுதான். காந்தா சொல்லவில்லை. அவள் மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தாள். காதில் விழவில்லை என்று உனக்கு எழுதினேனே, அதுவும் பொய்.

ஏன் சொன்னேன் என்று என் சிநேகிதி லில்லி கேட்டிருந்தாள். அவளுக்கு இன்னும் பதில் எழுதவில்லை. உனக்குத்தான் முதலில் எழுத வேண்டும்.

அப்போது பாப்பாவுக்கு மூன்று மாதம். எனக்கு அம்மா இல்லை, இந்த வீட்டில் மாமியார் இல்லை. குழந்தையைக் குளிப்பாட்ட எனக்குப் பயம். நீதான் கால் நீட்டிப் போட்டுக் குளிப்பாட்டினாய். ராத்திரி அழுதால் நீதான் எழுந்தாய். என்னிடம் பால் குடிக்காமல் முரண்டு பிடித்தபோது, "அண்ணி, நீங்க பயப்படறது கொழந்தைக்குத் தெரியுது" என்று சொல்லிச் சிரித்தாய். நீ பாடிக்கொண்டிருந்தபோது ஆரணி அம்மாள் என் காதோரம், தை பிறந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். தைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. நீ போய்விட்டால் இந்தப் பிள்ளையைச் சாகடித்துவிடுவேன் என்று நினைத்தேன். நிஜமாகவே அந்த வார்த்தைதான் மனத்தில் வந்தது. அடுத்த நிமிஷம் அவர்கள் உன் உடம்பைப் பற்றிக் கேட்டார்கள். என் வாயில் தயாராக ஒரு பதில் இருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதியதில் அர்த்தமில்லை. தோடியில் பள்ளம் விழுந்திருக்கிறது, இதைக் காட்டினால் வேலை போய்விடும் என்று நீ எழுதியதைப் படித்ததும் பதறிப்போனேன். அது வாஸ்தவம். ஆனால் அதற்கும் முன்னால், ஒரு கண நேரம், அப்படியானால் வடிவு ஜூனில் வந்துவிடுவாள் என்று ஒரு சந்தோஷம் வந்தது. நானே பார்த்தேன் அதை. அதன் பிறகு எனக்கு அந்தக் குச்சியைத் தொடவே கூசியது. அதனால்தான் நாலு வரிக் கார்டு.

இன்று காலையில் உன் அண்ணன் தறிக்கு இறங்கும் முன், பாப்பா டேப்பை அறுக்கவில்லை என்று சொன்னேன்.

"அப்ப யாரு?"

"நான்தாங்க."

அவர் பாப்பாவைத் தூக்கி, அன்றைக்கு அடித்த கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்துவிட்டுத் தறியில் போய் உட்கார்ந்தார். மத்தியானம் வரைக்கும் தறிச் சத்தம் நிற்கவில்லை. மற்றதை இன்னும் அவருக்குச் சொல்லவில்லை. நீ படித்த பிறகு, நீ எப்படிச் சொல்லச் சொல்கிறாயோ அப்படிச் சொல்கிறேன். காந்தா வீட்டுக்கு மட்டும் உன் பதிலுக்குக் காத்திராமல் நாளையே போகிறேன். என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. வாசலில் நிற்க வைத்தாலும் சரி.

இப்போது வேலையைக் கவனி. குச்சியில் சுற்றிய நாடாவின் ஒரு முனையில் சிவப்புப் பட்டு நூல் கட்டியிருக்கிறேன். வீராசாமியின் மிஷினைக் கேட்டு வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு தடவை ஓட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். சிவப்பு நூல் முனை முன்னால் போனால் நீ பாடுவாய். வெறும் முனை முன்னால் போனால் நான் பேசுவேன். பெரிய டேப்பில் பிளாஸ்திரி இருக்கும் இடத்தைப் பிரித்தால் இது சரியாக உட்காரும். இரண்டு பக்கமும் கேட்க வேண்டும் என்று ஒலிப்பதிவுக்காரர் சொன்னார் அல்லவா? முனை தெரிந்துவிட்டதால் இனி வேண்டியதில்லை. என் பேச்சைக் கேட்காமலே ஒட்டிவிடலாம். கேட்டாலும் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. திரும்ப வெட்டி எடுக்க மட்டும் சொல்லாதே, தோடி போய்விடும்.

கமிட்டி உன் பாட்டைக் கேட்டு வேலையைக் கொடுக்கட்டும். நீ அங்கேயே இருக்க வேண்டும் என்று இப்போது முழு மனத்தோடுதான் எழுதுகிறேன். நம்புவாயா என்று தெரியவில்லை.

பாப்பாவுக்குப் பன்னிரண்டு பல் வந்துவிட்டது. அத்தை என்று இன்னும் வரவில்லை, த்தை என்கிறாள்.

ஸ்டிரைக் வந்தால் தபாலும் நின்றுவிடும். அதற்குள் ஒரு கார்டாவது போடு. திட்டித்தான் எழுதப்போகிறாய் என்றாலும் சீக்கிரம் எழுது.

குழலி